விற்றவருக்குத் தெரியாதா, வாங்கியவர் யாரென்று?

(கூட்டுறவாளரும் கமக்காரரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



ஒரு குழந்தையின் மரணத்திலிருந்து என் பேச்சைத் தொடங்க வேண்டியிருக்கிறது. 1998ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்காவின் சிக்காகோ நகரிலே, ஒன்றரை வயதும் நிரம்பாத ஆண் குழந்தையொன்று பிள்ளைப் பராமரிப்பு இல்லத்தில் மடிப்புத் தொட்டிலொன்றிலே உறங்க வைக்கப்பட்டது. தொட்டிலின் பக்கச் சட்டங்கள் மடிந்து விழுந்தன. குழந்தையின் கழுத்து அவற்றிடையே அகப்பட்டது. உறங்கிய குழந்தை எழவில்லை.

இதிலே நெஞ்சைச் சுடும் செய்தி யாது? அந்தத் தொட்டில் ஆபத்தானது என்பது ஐந்து ஆண்டுகளுக்கு முன்னரே, 1993இலேயே, கண்டறியப்பட்டு, அதனை மீளப்பெறும் அறிவித்தலும் வெளியாகியிருந்தது. அறிவித்தல் வெளிவந்தது, சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. இல்லத்தை நடத்தியவர் அறியார், பெற்றோர் அறியார், எட்டு நாட்களுக்கு முன் அவ்வில்லத்தைப் பார்வையிட்ட அரசாங்கப் பரிசோதகரும் அறியார்.

பழுதான பண்டத்தைச் சந்தையிலிருந்து மீளப்பெறுவது பற்றி நாம் பேசும்போதெல்லாம், கடைத் தட்டுகளை வெறுமையாக்கினால் வேலை முடிந்தது என்று எண்ணிவிடுகிறோம். தட்டிலிருக்கும் பண்டம் யாரையும் கொல்வதில்லை. கொல்வது வீட்டுக்குப் போய்விட்ட பண்டமே. அந்த வீடு எது என்று தெரியாதவரை, அறிவித்தல் காட்டிலே கூவிய குரலாகவே முடியும்.

1982இலும் சிக்காகோவிலே இதுதான் நிகழ்ந்தது. டைலனோல் என்னும் தலைவலி மாத்திரையிலே எவனோ நஞ்சு கலந்து வைத்தான். ஏழு பேர் மாண்டனர். எந்தப் போத்தல் எந்த வீட்டில் இருக்கிறது என்பதை எவரும் அறியார். பொலிசார் வண்டிகளிலே ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாகக் கூறிச் சென்றனர். அரசர் காலத்துப் பறையறைவித்தலுக்கும் இதற்கும் வேறுபாடு என்ன? ஈற்றில் நாடெங்கும் இருந்த 3 கோடியே 10 இலட்சம் போத்தல்களை மீளப்பெற நேர்ந்தது.

இனி மறுபக்கத்தைப் பாருங்கள். மோட்டார் வண்டியில் பழுது கண்டால் வாங்கியவருக்குப் பதிவுத் தபாலில் அறிவிக்க வேண்டும் என்று அமெரிக்கா 1966இலேயே சட்டம் செய்தது. வண்டி யாருடையது என்பது பதிவேட்டில் இருந்ததனால் அது இயன்றது. 2016இல் சாம்சங் நிறுவனத்தின் நோட் 7 என்னும் தொலைபேசி தீப்பற்றியபோது, வாங்கியவர் ஒவ்வொருவருடைய கைக்கும் அந்தத் தொலைபேசி வழியாகவே எச்சரிக்கை சென்றது. விற்ற ஏறக்குறைய 30 இலட்சத்தில் 100க்கு 96 பங்கு சில மாதங்களுள் திரும்பி வந்தது. தொட்டிலுக்கும் தொலைபேசிக்கும் இடையே உள்ள வேறுபாடு, வாங்கியவரை அறிந்திருந்ததும் அறியாதிருந்ததுமே ஆகும்.

வாங்கியவரை அறிவதால், பழுது எங்கே தோன்றிற்று என்பதையும் அறியலாம். 2009ஆம் ஆண்டிலும் 2010இலும் அமெரிக்காவிலே 272 பேர் சல்மனெல்லா என்னும் கிருமியால் நோயுற்றனர். மூன்று கிழமைக்கு முன் என்ன உண்டீர் என்று கேட்டால் யாருக்கு நினைவிருக்கும்? நோயாளரின் சம்மதத்தோடு அவர்களுடைய கடை அட்டைக் கணக்குகளை அதிகாரிகள் எடுத்துப் பார்த்தனர். பலரும் சலாமி என்னும் பதப்படுத்திய இறைச்சியை வாங்கியிருந்தது தெரிந்தது. ஆராய்ந்தபோது, அதன்மேல் தூவிய மிளகிலே கிருமி இருந்தமை வெளிப்பட்டது.

கமக்காரச் சகோதரர்களே, இது பட்டணத்தார் விஷயம் என்று இருந்துவிடாதீர்கள். 2006 செப்டெம்பரிலே, பையிலிட்ட ஸ்பினாச் கீரையால் அமெரிக்காவின் 26 மாநிலங்களில் ஏறக்குறைய 200 பேர் நோயுற்றனர், மூவர் இறந்தனர். எந்தத் தோட்டத்துக் கீரை என்று உடனே தெரியவில்லை. ஆகவே, கீரையையே உண்ணாதீர் என்று நாடு முழுவதற்கும் அறிவிக்கப்பட்டது. குற்றமற்ற கமக்காரரின் கீரையும் விலைபோகாமற் கிடந்தது. பின்னர், நோயாளரின் வீடுகளிலே எஞ்சியிருந்த பைகளின் தொகுதி இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு சென்று, ஒரு நிலையத்தில் ஒரே நாளிற் பொதியிட்ட கீரை அது என்று கண்டனர். ஒரு வயலின் பழி ஊர் வயல்கள் அனைத்தின்மீதும் விழுந்தது. பழுதான மூட்டையை இனங்காண முடியாத சந்தையிலே நல்ல மூட்டையும் பழுதாகவே எண்ணப்படும்.

நம் நாட்டுக்கு வருவோம். 2013 ஆகஸ்டிலே, இறக்குமதிப் பால்மாவில் டைசியன்டையமைட் என்னும் இரசாயனம் கலந்திருப்பதாகக் கூறி, சில தொகுதிகளை மீளப்பெறும்படி சுகாதார அமைச்சு உத்தரவிட்டது. நிறுவனம் அச்சோதனையை ஏற்கவில்லை. அந்த வழக்கு எவ்வாறாயினும் ஆகுக. பொதியை வெட்டிப் போத்தலிலே கொட்டிவிட்ட தாய்க்குத் தொகுதி இலக்கம் எங்கே? பற்றுச்சீட்டு எங்கே? அவளிடம் யார் போய்ச் சொல்வது?

வாங்கியவரை அறிந்திருப்பது நமக்குப் புதுமையன்று. போர்க்காலத்திலே தொடங்கி 1979இல் உணவு முத்திரை வரும்வரை, கூப்பன் புத்தகத்தோடு சங்கக்கடைக்குச் சென்றவர்கள் நாம். எந்தக் குடும்பம் எந்தக் கடையிற் பதிந்திருக்கிறது என்பது எழுத்திலே இருந்தது. இன்றும் சுப்பர் மார்க்கெற்றிலே பணம் செலுத்துமுன் நமது தொலைபேசி இலக்கத்தைக் கேட்கிறார்கள், புள்ளிகள் தருகிறார்கள், மலிவு விற்பனை என்று குறுஞ்செய்தி அனுப்புகிறார்கள். பண்டத்தை விற்க நம்மைத் தேடி வரத் தெரிந்தவருக்கு, அதே பண்டம் நஞ்சு என்று சொல்ல மட்டும் வழி தெரியாதா?

பெயர்ப் பட்டியல் என்றதும் உங்கள் முகங்களிலே படரும் ஐயத்தை நான் அறிவேன். 1983 ஜூலையிலே கொழும்பில் காடையர் வாக்காளர் இடாப்பைக் கையிலேந்தி நம்மவர் வீடுகளைத் தேடி வந்ததை மறந்தவர் யார்? நல்ல நோக்கத்துக்காக எழுதிய பெயர் தீயவன் கையில் என்னவாகும் என்பதை விலைகொடுத்துக் கற்றவர்கள் நாம். ஆகவே, பட்டியலை அரசாங்கத்திடம் கொடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

வழி வேறு உண்டு. சிக்காகோக் குழந்தையின் பெற்றோர் அழுததோடு அமையவில்லை, பல்லாண்டு போராடினர். 2008இல் அமெரிக்கா இயற்றிய சட்டத்தின் ஒரு பிரிவு டானி கீசார் என்ற அக்குழந்தையின் பெயரையே தாங்குகிறது. தொட்டில் முதலிய குழந்தைப் பொருள்களோடு தபாற் செலவு செலுத்திய பதிவு அட்டையொன்றை உற்பத்தியாளர் இணைக்க வேண்டும். வாங்கியவர் விரும்பினால் நிரப்பி அனுப்பலாம். அப்பெயரை ஆபத்தை அறிவிப்பதற்கன்றி விளம்பரத்துக்கோ வேறெதற்கோ பயன்படுத்தலாகாது. விருப்பத்தோடு கொடுத்த பெயர், ஒரே பயன், அதற்குச் சட்டக் காவல்: இவை மூன்றும் சேர்ந்தால் பட்டியல் வாளாகாது, கேடயமாகும்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை சில. வாங்குவோரின் இலக்கத்தை வைத்திருக்கும் கடை, பழுது தெரிந்த அன்றே அவர்களுக்கு அறிவிப்பது சட்டக் கடமையாதல் வேண்டும். அவ்வறிவித்தல் அவரவர் மொழியிலே, நமக்குத் தமிழிலே, வருதல் வேண்டும். கிருமிநாசினியும் விதைநெல்லும் விற்கும் கடைகள் பற்றுச்சீட்டிலே தொகுதி இலக்கத்தையும் எழுதுதல் வேண்டும். நமது சங்கங்கள் சட்டத்துக்காகக் காத்திராமல் ஒரு கொப்பியிலே இதனை நாளையே தொடங்கலாம்.

நம் பங்கும் ஒன்றுண்டு. பொதி முடியும்வரை அதன் உறையை எறியாதீர்கள், பற்றுச்சீட்டைப் பேணுங்கள். அது காசுக் கணக்கு மாத்திரமன்று. ஆபத்து நேரத்திலே உங்கள் வீட்டு வாசலுக்கு வழிகாட்டும் விலாசமும் அதுவே.