பழைய சொல்லுக்கு என்ன வேலை?



வழக்கொழிந்த ஆங்கிலச் சொற்களுக்கு இலக்கியத்தில் என்ன வேலை என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். திருவனந்தபுரத்தில் நின்றுகொண்டு இதைப் பேசினால் யாரிடமிருந்து தொடங்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். அரசியலை விட்டுவிடுவோம், அதற்கு வேறு மேடை இருக்கிறது. 2009 முதல் இந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கும் சசி தரூர், 2017 மே மாதத்தில் தம்மைக் குற்றம் சாட்டிய ஒரு தொலைக்காட்சிக்குப் பதில் எழுதும்போது ட்விட்டரில் 'ஃபராகோ' என்று ஒரு சொல்லைப் போட்டார். நாடே அகராதியைத் தேடி ஓடியது. மறு ஆண்டு அக்டோபரில், பிரதமரைப் பற்றிய தம் நூலை அறிவித்தபோது ஆங்கிலத்தில் 29 எழுத்துள்ள ஒரு சொல்லை இறக்கினார்: ஃப்ளாக்சிநாசினிஹிலிபிலிஃபிகேஷன். கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பது என் கட்சி. ஃபராகோ என்பது ரோமானியர்கள் மாட்டுக்குப் போட்ட கலப்புத் தீவனத்தின் பெயர். அங்கதக் கவிஞர் ஜுவனல் தம் புத்தகத்தையே அப்படித்தான் சொல்லிக்கொண்டார். பொய்யும் திரிப்பும் கலந்து வருகிறது என்று கோபத்தோடு சொல்லும்போது அந்தத் தீவன வாடையும் சேர்ந்தே வருகிறது. அது வேலை செய்த சொல். நீளமான சொல் வேறு வகை. எதையும் ஒன்றுக்கும் உதவாது என்று தள்ளிவிடும் வழக்கத்தைக் குறிப்பது. 'மதிப்பே இல்லை' என்று சொல்லும் லத்தீன் இலக்கணச் சொற்களை ஒன்றோடொன்று ஒட்டிச் செய்தது. கவிஞர் வில்லியம் ஷென்ஸ்டன் 1741-இல் எழுதிய கடிதம் ஒன்றிலேயே இருக்கிறது. விளையாட்டுக்காகப் பிறந்த சொல், தரூரும் விளையாட்டாகத்தான் எடுத்தார். சிரித்துவிட்டுப் போய்விடலாம்.

இலக்கியத்தில் இந்தப் பழக்கம் பழையது. பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் ஸ்பென்சர் தம் காலத்திலேயே செத்துப்போன சொற்களைத் தோண்டி எடுத்து எழுதினார். 1579-இல் வந்த அவருடைய ஆயர் பாட்டுகளோடு சேர்த்தே உரையும் அச்சிட வேண்டியிருந்தது. பழமையைப் பிடிக்கப் போய் அவர் எந்த மொழியிலும் எழுதாமல் போனார் என்று நாடக ஆசிரியர் பென் ஜான்சன் குத்தினார். பிறகு தாமஸ் சாட்டர்ட்டன் என்ற பையன் வந்தான். பழஞ்சொற்களை அகராதிகளிலிருந்து பொறுக்கி, பதினைந்தாம் நூற்றாண்டுத் துறவி ஒருவர் எழுதியதாகக் கவிதைகள் செய்தான். 17 வயதில், 1770-இல் இறந்தும் போனான். கவிதை நன்றாக இருந்தது, துறவிதான் இல்லை. போலியென்று அறிஞர்களுக்குக் காட்டிக்கொடுத்தது அந்தச் சொற்களேதான்.

நான் நின்று பேச நினைப்பது கவிஞர் கோல்ரிட்ஜைப் பற்றி. கல்லூரியில் ஆங்கிலம் படித்தவர்கள் அந்தக் கிழ மாலுமியின் பாட்டை மறந்திருக்க மாட்டீர்கள். 1798-இல் முதலில் அச்சானபோது அதில் பழஞ்சொற்கள் நிரம்பிக் கிடந்தன. அது வந்த தொகுப்பில் கூட எழுதிய கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்துக்கே மனத்தாங்கல்: இந்தப் பழஞ்சொற்களும் விநோதமும் வாசகரை விரட்டுகின்றன, புத்தகம் கெட்டுப்போகிறது என்று பதிப்பாளருக்கு எழுதினார். கோல்ரிட்ஜ் 1800 பதிப்பில் களையெடுத்தார். அந்தப் பாட்டில் 'எஃப்ட்சூன்ஸ்' என்று ஒரு சொல், 'உடனே' என்று பொருள். மாலுமிக்குத் துடுப்போசை கேட்கும் இடத்தில் முதலில் அது இருந்தது. பின்னால் அதை எடுத்துவிட்டுச் சாதாரணச் சொல்லைப் போட்டார். சரி, ஒழிந்தது என்று நினைப்போம். இல்லை! பிந்தைய பதிப்பில், பாட்டின் வாசலிலேயே அதைக் கொண்டுவந்து நிறுத்தினார். கல்யாணத்துக்குப் போகிறவனைக் கிழவன் பிடித்து நிறுத்துகிறான், அவன் கையை எடு என்று சீறுகிறான், உடனே கிழவனின் கை கீழே விழுகிறது. அந்த 'உடனே'தான் எஃப்ட்சூன்ஸ். துடுப்போசை யாருக்கும் கேட்கலாம், அதற்குப் பழஞ்சொல் எதற்கு? ஆனால் இந்தக் கிழவன் நம் காலத்து ஆள் இல்லை என்று வாசகனுக்குத் தெரிய வேண்டிய இடம் வாசல்தான். சொல் ஒன்றே, இடம் மாறியதும் அதற்கு வேலை கிடைத்துவிட்டது.

நம் ஊருக்கே வருவோம். ராஜா ராவ் 1965-இல் வெளியிட்ட 'பூனையும் ஷேக்ஸ்பியரும்' நாவல் நடப்பது இந்தத் திருவனந்தபுரத்தில். போர்க்காலம், அரிசிக்குத் தட்டுப்பாடு. ரேஷன் அலுவலக குமாஸ்தா கோவிந்தன் நாயர் பேசும் ஆங்கிலத்தில் ஷேக்ஸ்பியரும் கோல்ட்ஸ்மித்தும் கலந்து கிடக்கிறார்கள். ரேஷன் கார்டுக்கு எதற்கு ஷேக்ஸ்பியர் என்று சிரிப்பு வருகிறது. அதே ஆள் தாய்ப்பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு போவதுபோலக் கடவுளிடம் நம்மை விட்டுவிட வேண்டும் என்கிறார். தென்கலை வைணவர்கள் பல நூற்றாண்டாகச் சொல்லிவரும் மார்ஜார நியாயம் அது. அந்தக் கனத்தை அன்றாட அலுவலக ஆங்கிலம் தாங்கியிருக்காது. என்னைக் கேட்டால், பழைய ஆங்கிலத்தை இந்திய நாவலில் இவ்வளவு பொருத்தமாக வேலை வாங்கியவர்கள் குறைவு.

நாம் மட்டும் யோக்கியமா? தமிழ் மேடையில் 'நவில விழைகிறேன்' என்று தொடங்குகிறவர் வீட்டுக்குப் போய் மனைவியிடம் எதையாவது நவில்வாரா? சொல் பழையது என்பதற்காக அதற்கு மாலை போடுகிறோம். அதே நேரத்தில் உயிரோடிருக்கும் பழஞ்சொற்களைத் தாண்டி நடக்கிறோம். குறளில் உள்ள 'ஊண்' என்ற சொல்லை இன்று தமிழ்நாட்டுச் சாப்பாட்டுக் கடையில் சொன்னால் முழிப்பார்கள். இந்த ஊரில் மதியம் எந்தக் கடை வாசலைப் பார்த்தாலும் மலையாளத்தில் 'ஊண் ரெடி' என்று பலகை தொங்குகிறது. சிலப்பதிகாரத்து 'அங்காடி' இங்கே 'அங்ஙாடி'. பேசுவதைக் குறிக்கும் 'பறைதல்' மலையாளி வாயில் மட்டுமல்ல, குமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கத்துத் தமிழர் வாயிலும் இருக்கிறது.

இப்படி வாயில் வாழும் சொற்களைக் காதுகொடுத்துக் கேட்டவர் ஒருவர் இந்த ஊரில் இருந்தார். எஸ். வையாபுரிப் பிள்ளை இங்கே வக்கீலாகத் தொழில் செய்தவர், பின்னாளில் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைக்குத் தலைமை தாங்கியவர். அவர் பதிப்பாசிரியராக இருந்து 1936-இல் முடித்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனில், ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்களுக்கு நடுவே, நாஞ்சில் நாட்டு வழக்குக்கென்று தனிக் குறியே உண்டு. சங்க நூலில் இருக்கும் சொல்லுக்குத் தந்த மரியாதையை, சந்தையில் கேட்ட சொல்லுக்கும் தந்த வேலை அது.

ஆகவே இங்கே இருக்கும் இளைஞர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பாட்டிமார் பேசும் திருவிதாங்கூர்த் தமிழை எழுதி வையுங்கள். சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறவர், பத்மநாபசுவாமி கோயில் பக்கத்தில் பூக்கட்டுகிறவர், நாகர்கோவிலிலிருந்து தினமும் ரயிலேறி வருகிறவர் என்று யார் சொன்ன சொல், எதற்குச் சொன்னார் என்று ஒரு நோட்டில் குறியுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்த நோட்டைக் கொண்டு வாருங்கள், நான் முதல் ஆளாக வாங்கிப் படிக்கிறேன்.