ஊரார் எழுதும் கலைக்களஞ்சியம்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கலைக்களஞ்சியம் என்றவுடன் நம் நினைவில் எழுவன தமிழ் வளர்ச்சிக் கழகத்தார் வெளியிட்ட பத்துத் தொகுதிகளேயாம். பெரியசாமித் தூரன் அவர்களைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954-இல் அதன் முதல் தொகுதி வெளிவந்தது. அறிஞர் எழுதினர், அறிஞர் திருத்தினர், பின்னரே அச்சேறிற்று. இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியில் காணும் விக்கிப்பீடியாவோ வேறு வகையினது. 2001-இல் ஆங்கிலத்திலும் 2003-இல் தமிழிலும் தோன்றிய அதனில் எவரும் எழுதலாம். யாழ்ப்பாணத்தவரான மயூரநாதன் அவர்கள் அபுதாபியில் பணிபுரிந்துகொண்டே ஆயிரக்கணக்கான கட்டுரைகளைத் தமிழில் தொடங்கி வைத்தார். ஊதியம் ஒரு காசும் இல்லை. தொண்டு ஒன்றே உண்டு.

எவரும் எழுதலாம் எனில் பொய்யும் எழுதலாமே என்று கேட்பீர்கள். நேர்மையான வினாவே. 2005-இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சைகன்தாலர் என்பாரைக் கென்னடி சகோதரர் கொலைகளோடு தொடர்புபடுத்தி ஒருவர் பெயர் மறைத்து எழுதினார். முழுப் பொய்! ஏறத்தாழ நான்கு திங்கள் அது திருத்துவாரின்றி நின்றது. அதன் பின்னரே உயிரோடிருப்போரைப் பற்றிய விதிகள் இறுக்கமாயின.

அவ்விதிகள் யாவை? நாம் கண்டோம், கேட்டோம் என்பது சான்றாகாது. நம்பத்தக்க வெளியீட்டில் வந்திருத்தல் வேண்டும். வாழ்வோர் ஒருவரைப் பழிக்கும் செய்திக்குத் தக்க சான்றில்லையேல், விவாதத்திற்குக் காத்திராமல் உடனே நீக்க வேண்டும். வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் கூடா. ஒருவரின் சமயத்தை அவரே வெளிப்படக் கூறியிருந்தாலன்றி அவர்மீது ஏற்றலாகாது.

இருதரப்பார் முரண்படும் செய்தியாயின் யாது செய்வர்? இலங்கைப் போர் பற்றிய ஆங்கிலக் கட்டுரைகளில் பூசல் மூண்டபோது, தமிழரும் சிங்களவரும் பிறருமான தொண்டர்கள் இணக்கக் குழு ஒன்று கண்டனர். எந்த ஏடு எப்பக்கம் சாய்வது என்று பட்டியலிட்டனர். சாய்வுடைய ஏட்டின் செய்தியை, இன்னார் கூற்று இது என்று குறித்தே எழுத வேண்டுமென வகுத்தனர்.

அலுவலகப் பதிவேட்டில் பிழையைச் சுரண்டி அழிப்பதில்லை; கோடிட்டுக் கையொப்பம் இடுகிறோம். அங்கும் அவ்வாறே, யார், என்று, எதை மாற்றினார் என்பது வரலாற்றுப் பக்கத்தில் நிற்கும். ஆயினும் ஒருவர்க்குத் தீங்கு விளைக்கும் செய்தியாயின் பழைய படியையும் மறைத்துவிடுவர். உண்மையாயினும் வெளியிடத் தகாதனவும் உண்டு. கொல்கத்தா மருத்துவமனையில் கொடுமைக்குள்ளாகி உயிர்நீத்த மருத்துவரின் பெயரையும் படத்தையும் நீக்குமாறு 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் விக்கிப்பீடியாவைப் பணித்தது. வள்ளுவர் வாய்மைக்கு வகுத்த அளவுகோலும் தீங்கின்மையே அன்றோ!

அன்பர்களே! இவை நமக்கு எதற்கு என எண்ணற்க. தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் பாண்டுப்பிலும் வாழ்ந்த நம் முன்னோர் வரலாறு பெரும்பாலும் பெரியவர்களின் நினைவிலேயே உள்ளது. 1966-இல் சிவசேனை தோன்றிய பின்னர்த் தென்னாட்டார்க்கு எதிராக எழுந்த கிளர்ச்சியை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கூறுகின்றனர். அந்நாளில் வெறுத்தோரும் உண்டு. அடைக்கலம் தந்த மராத்தியரும் உண்டு. இதனை நாம் எழுதாவிடில், சினம் கொண்டோர் ஒரு நாள் எழுதுவர்.

ஆதலின் இம்மலரில் எழுதுங்கால் ஆண்டைச் சரிபார்ப்போம். கண்டதைக் கண்டதென்றும் கேட்டதைக் கேட்டதென்றும் பிரித்துரைப்போம். அந்நாள் செய்தித்தாளைத் தேடி ஒப்பிடுவோம். அண்டை வீட்டார் பெயரையும் சாதியையும் இழுக்காதிருப்போம். நம் மலரைச் சான்றாக ஏற்பதும் மறுப்பதும் அத்தொண்டர்களின் உரிமை. ஆயின் அச்சேறாத வரலாறு, சொல்பவர் மூச்சோடு மறைந்துவிடும். பெரியோர்களிடம் இன்றே கேட்டெழுதுமாறு இளைஞர்களை வேண்டி அமைகின்றோம்.

வாழ்க தமிழ்! வளர்க சங்கம்!