தண்டவாளம் காக்கும் கைகள்



1905ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் இணைத்தது வடக்குப் புகையிரதப் பாதை. 1990இல் போரினால் அது அறுந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரையும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரையும் மீண்டது. திறப்பு விழாக்களில் மாலை சூடியோர் பலர். ஆனால், அப்பாதையை நாள்தோறும் காப்பவன் யார்?

அவனே பாதைத் தொழிலாளி. 5 அடி 6 அங்குல இடைவெளியில் ஓடும் இரு தண்டவாளங்களும் விலகலாகாது. வண்டியின் பாரத்தால் சிலிப்பர் கட்டை அமிழ்ந்தால், அதனைக் கிளப்பி, அடியில் சல்லியை இடித்துச் செறிக்க வேண்டும். வெப்பம் 30 பாகை ஏறினால் 10 மீற்றர் தண்டவாளம் ஏறக்குறைய மூன்றரை மில்லிமீற்றர் நீளும். அதற்கு இடமில்லையேல் பாதை நெளியும், வண்டி தடம் புரளும். மாரியில் மண் கரைந்தாலோ, வரம்புடைந்த வயலின் கதிதான்.

குனிந்து சல்லி இடிப்பவனுக்குப் பின்னால் வரும் வண்டி தெரியாது. இடிக்கும் ஓசையில் அதன் ஒலியும் கேளாது. 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் காயத்துக்கும் மரணத்துக்கும் கணக்குக் கூறுகிறது. கால் போனபின் வரும் காசு காலாகுமா? சட்டம் விபத்துக்குப் பின்னே வருகிறது. பாதுகாப்போ அதற்கு முன்னே நிற்க வேண்டும்.

ஆகவே நாம் கோருவது கருணையன்று, உரிமை: ஒவ்வொரு வேலைக் குழுவுக்கும் செங்கொடியுடன் ஒரு காவலாள், ஆட்குறைவில்லாத குழு, நிரந்தர நியமனம். இக்கோரிக்கையைக் கமக்காரரும் உத்தியோகத்தரும் தமதாக்க வேண்டும். வண்டியில் நாம் கண்ணயர்வது, பாதையில் அவன் விழித்திருப்பதால் அன்றோ!