தொழில் கற்ற வாலிபர் எங்கே செல்வர்?



அரசாங்க உத்தியோகமே உத்தியோகம் என்று எண்ணி வாழ்ந்த சமூகம் நமது. அவ்வெண்ணத்தை விடுத்துக் கைத்தொழில் கற்க வாருங்கள் என்று இன்று வாலிபரை அழைக்கின்றோம். கற்ற தொழிலை அவர்கள் எங்கே செய்வது? அழைக்கும் நாமே இதற்கு விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

1950ஆம் ஆண்டில் எழுந்த காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை, 1990இல் போர் மூண்டதும் நின்றது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் போருக்கு இரையாயிற்று. அவை வெறும் ஆலைகளா? பொருத்துநரையும் மின்வினைஞரையும் உருவாக்கிய பள்ளிகளும் அவையே அன்றோ! 2016இல் கிளிநொச்சியில் ஜேர்மன் உதவியுடன் தொழிற்பயிற்சி நிலையம் திறக்கப்பட்டது. மனமார வரவேற்கின்றோம். ஆயினும், அங்கே இயந்திரத்தில் பழகிய கைக்கு வெளியே இயந்திரம் இல்லையெனில், அவ்வாலிபன் கொழும்புக்கோ கட்டாருக்கோ செல்வான். அவனைக் குறைகூற நமக்கு உரிமையில்லை.

தேசிய தொழில் தகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது. பயிற்சி நிலையத்தின் வாசலை மிதியாது, பட்டறையிலேயே பழகிய மேசனும் தச்சனும் தம் திறனை மதிப்பீட்டிற் காட்டி அத்தகைமையைப் பெற வழியுண்டு. நம்மவருள் எத்தனை பேர் இதனை அறிவர்? கிராமச் சங்கங்கள் இவர்களைத் திரட்டி விண்ணப்பிக்கச் செய்யலாம். இதற்கு அமைச்சர் வந்து நாடா வெட்ட வேண்டியதில்லை.

மேடை வாக்குறுதியை நீதிமன்றில் காட்டமுடியாது. உறுதியில் எழுதிய வாசகத்தைக் காட்டலாம். ஆகவே, தொழிற்சாலைக்கென அரசாங்கக் காணி குத்தகைக்கு வழங்கப்படும்போதெல்லாம், இத்தனை உள்ளூர்ப் பயிலுநரைச் சம்பளத்துடன் சேர்த்தல் வேண்டும் என்னும் நிபந்தனை குத்தகை உறுதியிலேயே எழுதப்படல் வேண்டும். வட மாகாணத்தின் ஐந்து மாவட்டச் செயலாளரிடமும் இதனை எழுத்தில் கேட்கவுள்ளோம்.