பழம்பொருளுக்குப் பொறுப்பாளி யார்?

உத்தியோகத்தை முன்னிட்டு ஊர்விட்டு ஊர் மாறி வாழும் நமக்கு ஒரு காட்சி நன்கு பழக்கமானது. தில்லியிலோ நாகபுரியிலோ வீட்டைக் காலி செய்யும் நாளில், பழுதான தொலைக்காட்சிப் பெட்டியும் ஓடாத குளிர்சாதனப் பெட்டியும் லாரியில் ஏறுவதில்லை. தெருவில் குரல் கொடுத்து வரும் கபாடிக்காரரை அழைக்கிறோம். அவர் ஒரு விலை சொல்லுவார். நாம் ஐம்பது ரூபாய் கூட்டிக் கேட்போம். பொருள் போய்விடும். எங்கே போகிறது என்று மட்டும் கேட்பதில்லை.

தில்லிவாசிகள் இதை அறிய யமுனைக்கு அக்கரையில் சீலம்பூர் வரை போனாலே போதும். பழைய மின்னணுப் பொருள்களை உடைத்துப் பிரிப்பதே அங்குப் பல குடும்பங்களுக்குப் பிழைப்பு. பிரித்தெடுத்த சர்க்யூட் பலகைகள் மொராதாபாத்துக்குப் போயின. பித்தளைப் பாத்திரத்துக்குப் பெயர்போன அந்நகரில், ராம்கங்கை ஆற்றங்கரையில் அவற்றை எரித்தும் அமிலத்தில் ஊறவைத்தும் செம்பும் பொன்னும் எடுத்தார்கள். எடுத்தது போக மிஞ்சிய ஈயமும் காட்மியமும் மண்ணிலும் நீரிலும் தங்கின. பொருளைச் செய்தவர் லாபம் பெற்றார். நாம் பயன் பெற்றோம். புகையைப் பெற்றவரோ மூன்றாமவர்.

விற்பனையோடு உற்பத்தியாளரின் கடமை முடிவதில்லை, பொருள் கழிவாகும் வரை அது தொடர்கிறது என்ற கருத்தை ஸ்வீடன் நாட்டுத் தாமஸ் லிண்ட்க்விஸ்ட் 1990-ல் எடுத்துரைத்தார். கழிவின் செலவு தம் தலையில் விழும் என்று தெரிந்தால், பிரிப்பதற்கு எளிதான பொருளையே செய்ய முற்படுவார்கள் என்பது இதன் உட்கருத்து. பொருள்களைப் பொதிந்து வரும் அட்டைக்கும் டப்பாவுக்கும் ஜெர்மனி 1991-லேயே இதைச் சட்டமாக்கிற்று. நம் நாட்டில் 2011-ல் வெளியாகி, 2012 மே முதல் தேதி அமுலுக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள் இதை ஏற்றன. 'நீட்டிக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு' என்று பெயர்; சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது, ஆனால் நியாயம் எளியதே.

இப்போதுள்ள விதிகள் 2022-ல் பிறப்பிக்கப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருப்பவை. ஒரு கம்பெனி முன்பு விற்ற பொருளின் சராசரி ஆயுளைக் கணக்கிட்டு, இவ்வாண்டு கழிவாகியிருக்க வேண்டிய எடை இவ்வளவு என்று நிர்ணயிக்கிறார்கள். அதில் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு 60 சதவிகிதம், அடுத்த இரண்டுக்கு 70, 2027-28 முதல் 80 சதவிகிதம் மறுசுழற்சியானதற்குச் சான்று காட்ட வேண்டும். கம்பெனியே உலை வைக்க வேண்டியதில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சான்றிதழை விலைக்கு வாங்கலாம். தவறினால் சுற்றுச்சூழல் இழப்பீடு. அதைச் செலுத்தினாலும் கடமை தீர்ந்துவிடாது. சான்றிதழ் மலிந்தால் ஒழுங்காகத் தொழில் செய்பவருக்குக் கட்டாது என்பதால், 2024-ல் வீட்டு மின்சாதனங்களுக்குக் கிலோவுக்கு 22 ரூபாய் என்று குறைந்தபட்ச விலை வைத்தார்கள். அதை எதிர்த்துச் சில பெரிய கம்பெனிகள் தில்லி உயர்நீதிமன்றத்துக்குப் போயின.

நமக்கு இரண்டு குறைகள் தென்படுகின்றன. சான்றிதழ்க் கணக்கில் பொன், செம்பு, அலுமினியம், இரும்பு ஆகிய நான்கு உலோகங்களே வருகின்றன. விலை போகாத நஞ்சுக்கு அங்கே வரவு இல்லை. இதைவிடப் பெரிய குறை நம் வாசலில் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு விதிகளில் உற்பத்தியாளர் எவ்வளவு திரட்டினார் என்பதே இலக்கு. புதிய விதிகளில் மறுசுழற்சிச் சான்றுதான் இலக்கு. வீட்டிலிருந்து எடுத்துச் செல்லும் ஏற்பாடு அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது. ஆகவே வாசலுக்கு வருபவர் இன்றும் கபாடிக்காரரே. அவரைக் குறை சொல்வதற்கில்லை. வேறு யார் வந்தார்கள்?

வழி இல்லாமலும் இல்லை. ஈய மின்கலங்களுக்கு 2001-ல் வந்த விதிகள், பழையதைத் திரும்பக் கொடுப்பவருக்கு விலையில் தள்ளுபடி தருமாறு கடைக்காரரைப் பணித்தன. 2022-ல் வேறு விதிகள் வந்துவிட்டன என்றாலும், இன்வெர்ட்டர் மின்கலம் மாற்றுகிறபோது கடைக்காரர் பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் வழக்கம் நிற்கிறது. அந்தத் தொழிலிலும் கள்ள உலைகள் இல்லாமலில்லை. ஆயினும், பழைய குளிர்சாதனப் பெட்டி வீட்டை விட்டுப் போகும்போது அதைச் செய்த கம்பெனியின் ஆள் ஒருவர் வாசலில் வந்து நிற்க வேண்டும் என்று கேட்பதற்கு, அந்த மின்கலமே நமக்கு முன்மாதிரி.