மலையை விட்டு இறங்காத தாய்

(ஆதரவாளர் கூடுகையில் அளித்த செய்தி)



இன்று நாங்கள் உங்களோடு நினைவுகூர விரும்புவது, கொல்லிமலை மக்கள் பாட்டி என்று நேசித்த எவலின் பிராண்ட் அம்மையாரை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையினால் மீண்டும் வேலை செய்யவைத்த டாக்டர் பால் பிராண்டை உங்களில் பலர் அறிவீர்கள். அவரைப் பெற்ற தாய் இவர்.

1879-ல் இலண்டனில் செல்வந்தர் வீட்டில் பிறந்தவர், ஓவியம் பயின்றவர். 1913-ல் ஜெஸ்ஸி பிராண்ட் ஐயரை மணந்து கொல்லிமலையில் குடும்பம் நடத்தினார். சாலை இல்லை. மலேரியா மிகுந்த மலை. ஆண்டுகள் பல சென்றும் மலைவாசிகளில் ஒருவரும் சபையில் சேரவில்லை. எதிர்த்து நின்றவர்களில் முதன்மையானவர் அவ்வூர்ப் பூசாரி. அவரே காய்ச்சலில் விழுந்தபோது சொந்தத்தார் நெருங்க அஞ்சினர். பிராண்ட் தம்பதியர் போய்ப் பணிவிடை செய்தார்கள். சாகும் தறுவாயில் அவர் தம் பிள்ளைகளை இவர்கள் கையில் ஒப்புவித்தார். அந்தக் கைக்குழந்தைக்கு ரூத் என்று பெயரிட்டு, அம்மையார் தம் பிள்ளையாகவே வளர்த்தார்.

ஆனால் பெற்ற பிள்ளைகள்? 1923-ல் குடும்பமாக இங்கிலாந்து சென்றார்கள். படிப்புக்காகப் பாலையும் அவர் தங்கையையும் தாயின் சகோதரிகளிடம் விட்டுவிட்டு, பெற்றோர் இருவரும் மலைக்குத் திரும்பினார்கள். பாலுக்கு அப்போது ஒன்பது வயது. தகப்பனை அவர் மறுபடி காணவேயில்லை. 1929-ல் ஜெஸ்ஸி ஐயர் மலைக் காய்ச்சலால் மரித்தார். தந்தி முதலில் வந்தது. தகப்பன் உயிரோடிருந்தபோது எழுதிய கடிதங்கள் அதன்பிறகும் கப்பலில் வந்துகொண்டிருந்தன.

இந்த இடத்தில் நாங்கள் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறோம். பிள்ளையைப் பள்ளி விடுதியில் விட்டு வரும் தாய்மார் வாசல்வரை வந்து திரும்பிப் பார்ப்பதை நாம் அறிவோம். அம்மையார் செய்தது சரிதானா என்று கேட்டால், ஆம் என்று எளிதாகச் சொல்ல எங்களால் முடியவில்லை. ஊழியம் என்ற சொல்லினால் அந்தக் காயத்தை மூடிவிடவும் நாங்கள் விரும்பவில்லை. ஒன்று மட்டும் உண்மை: 1946-ல் அந்த மகன் மருத்துவராகத் தாம் பிறந்த இதே தமிழ்நாட்டுக்கு வந்தார்.

ஏறத்தாழ எழுபது வயதில், ஓய்வு பெறும்படி மிஷன் சங்கம் அம்மையாரிடம் சொன்னது. முதியவரை எண்ணிச் சொன்னதுதான், குற்றமில்லை. ஒரே ஒரு ஆண்டு மலையில் இருக்க அனுமதி கேட்டுப் பெற்றார். ஆண்டு முடிந்து, அழைத்துச்செல்ல வந்தவர்களிடம், சங்கத்திலிருந்து தாம் விலகிவிட்டதாகவும் மலையைவிட்டு விலகப்போவதில்லை என்றும் அறிவித்தார்! சம்பளம் இல்லை, பதவி இல்லை. சிறு குடிசை ஒன்றும், ஏறிச்செல்ல ஒரு மட்டக்குதிரையும் இருந்தன. கணவரும் அவரும் ஐந்து மலைகளில் ஊழியம் செய்யக் கனவு கண்டிருந்தார்கள். பச்சைமலை, கல்வராயன்மலை என்று அவர் ஏறியது அந்தக் கனவுக்காகத்தான்.

பல் பிடுங்குவார், புண் கழுவிக் கட்டுவார். நரம்புச் சிலந்தி அந்நாளில் மலையின் பெரும் துன்பம். காலில் புழு உள்ளவர் கிணற்றில் இறங்கினால் அதன் குஞ்சுகள் தண்ணீரில் கலக்கும். குடிப்பவருக்கு நோய் தொற்றும். கிணற்றுக்குள் கால் வைக்காதபடி சுற்றுச்சுவர் எழுப்பினாலே பாதி வேலை தீர்ந்தது. இதற்காக அவர் ஊர் ஊராய் மன்றாடினார். 2000-ல் இந்தியா முழுவதும் இந்நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

75 வயதில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. இரவெல்லாம் தரையில் கிடந்தார். விடிந்தபின்தான் ஆட்கள் கண்டார்கள். மலையைவிட்டு இறங்கிவிடும்படி மகன் கெஞ்சினார். அம்மையாரோ இரண்டு மூங்கில் கோல்களை ஊன்றிக்கொண்டு மறுபடி நடந்தார். கடைசி இருபது ஆண்டுகள் வீட்டில் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை. ஒருகாலத்தில் ஓவியம் தீட்டிய கண்கள் அவை.

1974-ல் 95-ஆம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். சவப்பெட்டி செய்யவில்லை. ஒரு பருத்தித் துணியில் சுற்றி, 45 ஆண்டுகளுக்கு முன் ஜெஸ்ஸி ஐயரை அடக்கம்செய்த இடத்துக்கு அருகிலேயே மலைவாழ் மக்கள் தங்கள் பாட்டியை அடக்கம் செய்தார்கள்.