அன்றைய விலை அன்றைய வரியில்



நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். வீட்டு வேலை போக மீதி நேரத்தில் எங்கள் குழுவின் பொடி விற்பனைக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறேன். விலை மாறும்போது கணக்கை எப்படி வைப்பது என்று பேசச் சொன்னார்கள்.

மிளகாய் வத்தல் விலை ஒரு மாதம் இருந்த மாதிரி அடுத்த மாதம் இருக்காது. வத்தல் ஏறினால் நம் பொடி விலையையும் ஏற்றித்தான் ஆகணும். எங்கள் குழுவில் கால் கிலோ மிளகாய்த்தூள் 80 ரூபாய்க்கு 240 பாக்கெட் விற்று, 19,200 ரூபாயை வங்கியில் கட்டியாச்சு. அதற்குப் பிறகு விலை 95 ஆனது. கம்ப்யூட்டர் கணக்கை அமைத்துக் கொடுத்தவர், விற்பனைப் பக்கம் விலைப் பட்டியலைப் பார்த்தே தொகை போடுகிற மாதிரி வைத்திருந்தார். பட்டியலில் விலை மாறியதும், பழைய 240 பாக்கெட்டும் 95 ரூபாய்க்கு விற்றதாக 22,800 என்று காட்டியது.

கூட்டத்தில் "மீதி 3,600 எங்கே?" என்று கேள்வி வந்தது. சந்தையில் கடை போட்டு விற்ற அக்கா அழுதே விட்டாங்க. கார்பன் வைத்து எழுதின பில் புத்தகத்தைப் புரட்டினோம். ஒவ்வொரு பில்லிலும் 80 என்றே இருந்தது. அந்த அக்காவின் நல்ல பேர் தப்பியது.

போன வருஷம் நகை வாங்கின பில்லில் அன்றைய பவுன் விலைதானே இருக்கு? இன்றைக்குப் பவுன் ஏறினால் அந்தப் பில் மாறுமா? நம் கணக்கும் அப்படித்தான் இருக்கணும்.

இப்போது நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். விற்பனைப் பக்கத்தில் தேதி, பில் எண், பொருள், எத்தனை, விற்ற விலை, தொகை என்று எல்லாம் ஒரே வரியில் இருக்கும். பட்டியலிலிருந்து விலை தானாக வந்தாலும், பில் போட்டதும் அந்த எண் அப்படியே நின்றுவிடணும். தள்ளுபடி கொடுத்தால் அதற்குத் தனிக் கட்டம்.

விலைப் பட்டியலில் பழைய விலையை அழிப்பதில்லை. அதன் கீழே புது வரி போட்டு, எந்தத் தேதியிலிருந்து என்று எழுதுகிறோம். வத்தல், மல்லி வாங்கின விலையையும் இப்படியே தேதியோடு வைக்கிறோம். அப்போதுதான் எந்த மாதம் லாபம், எந்த மாதம் கையைக் கடித்தது என்று தெரியும்.

இன்னொன்று. பாக்கெட்டில் அச்சடித்த அதிகபட்ச விலைக்கு மேலே விற்கக் கூடாது. அதனால் விலை ஏற்றின பிறகும், 80 என்று அச்சடித்த பழைய பாக்கெட் தீரும்வரை ஒரே நாளில் இரண்டு விலை ஓடும். இரண்டையும் தனித்தனி வரியில் எழுதுங்க.

உங்கள் கணக்கில் இன்றைக்கே ஒரு விலையை மாற்றிப் பாருங்க. போன மாத மொத்தம் அசைந்தால், விலையைப் பழையபடி வைத்துவிட்டு, அமைத்தவரைக் கூப்பிட்டுச் சரி செய்யச் சொல்லுங்க. கணக்கு சரியாக இருந்தால்தான் ஒருத்தி மேல் ஒருத்திக்கு நம்பிக்கை நிற்கும்.